எஸ்டேட் பக்கம் அரிய செடி ஏதும் மிச்சமிருக்கிறதா?

கேள்வி: பூச்சோங்கிலிருந்து ஒரு வாசகர், 8 பிப்ரவரி 2025

அரிய தாவரம், அழிந்துவரும் தாவரம் என்று எழுதுகிறவர்கள் எல்லோரும் பெலும், தாமான் நெகாரா, கினபாலு என்று மலேசியாவின் பெரிய காடு மலைகளைப் பற்றியே எழுதுகிறார்கள். சரி, அங்கே இருக்கட்டும். நாம் பிறந்து வளர்ந்த எஸ்டேட் பக்கம் பால்மரம் என்கிற ரப்பரும் செம்பனையும் லாலாங் புல்லும் தவிர என்ன இருக்கிறது? நம் தாத்தா காலத்திலேயே எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிட்டார்கள். இருக்கிறது என்று சொல்பவர்கள் பெயரோடு சொல்லுங்கள்.

9 பிப்ரவரி 2025

இருக்கிறது தம்பி. பெயரோடே சொல்கிறேன்.

நான் பத்தாங் பெர்ஜுந்தைக்காரி. பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள், எங்கள் வாயில் பழைய பெயர்தான் வரும். அப்பா பால்மரத்தில் பால் வெட்டினார், அம்மா களை மருந்தடிக்கும் கூட்டத்தில் இருந்தார். தோட்டம் கைமாறிய பிறகு தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, வந்துவிட்டோம். வீட்டுக்குப் பின்னால் நிழல் வலை கட்டி, சின்னதாக ஒரு நாற்றங்கால் வைத்துப் பிழைக்கிறேன்.

நீங்கள் சொல்லும் பால்மரமும் செம்பனையும் இந்த மண்ணின் மரங்களே இல்லை. ரப்பர் பிரேசிலிலிருந்து, லண்டன் கியூ தோட்டம் வழியாக, 1877-ல் சிங்கப்பூருக்கும் கோலகங்சாருக்கும் வந்து சேர்ந்தது. செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவுடையது. இந்த நாட்டில் வியாபாரத்துக்கென்று முதலில் அதை நட்டது 1917-ல், எங்கள் ஊர்ப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில். அதற்கு முன்னால் இங்கே நின்ற காட்டின் மிச்சம் இன்னும் நிற்கிறது. பள்ளத்தில் ராஜா மூசா சதுப்புக் காடு. கிழக்கே ரவாங்கைத் தாண்டிக் கஞ்சிங் காடு. தெற்கே பத்துமலையின் உச்சி. மூன்றுமே என் வீட்டிலிருந்து மோட்டாரில் போய்வரும் தூரம்தான். ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

12 பிப்ரவரி 2025

நேற்றுத் தைப்பூசம். அதனால் பத்துமலையிலிருந்தே தொடங்கலாம்.

272 படிகளில் ஏறி இறங்கிய அத்தனை பேரில் எத்தனை பேர் சிலையின் தலைக்கு மேலே இருக்கும் பாறையைப் பார்த்திருப்போம்? மேற்குப் பக்க முகட்டை மகனின் கேமராவில் இழுத்துப் பார்த்தேன். மண் என்று சொல்ல ஒரு பிடி இல்லாத வெள்ளைப் பாறை இடுக்கில் விசிறி இலையோடு குட்டைப் பனை கொத்துக் கொத்தாக நிற்கிறது. தண்டைச் சுற்றிப் பழைய மட்டையின் நார் அப்படியே மண்டிக் கிடக்கிறது. மேக்ஸ்புரேட்டியா ரூபிகோலா என்ற பனை சுண்ணாம்புப் பாறை முகட்டில் இப்படித்தான் வளரும். உலகத்திலேயே மூன்று குன்றுகளில்தான் அது உண்டு: பத்துமலை, புக்கிட் தக்குன், அதன் பக்கத்துக் குன்றான அனாக் தக்குன். மூன்றும் சிலாங்கூரில், நம் கண்ணெதிரே.

தீபகற்ப மலேசியாவின் நிலப்பரப்பில் சுண்ணாம்புக் குன்றுகள் அரை விழுக்காடுகூட இல்லை. ஆனால் அவற்றின் மேல் 1,200-க்கும் அதிகமான தாவர இனங்களைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். அவற்றில் பல வேறு மண்ணில் வளரவே வளராது. ஒரு குன்றை சிமெண்டுக்கும் ஜல்லிக்கும் உடைத்தால் அதோடு ஓர் இனமே போய்விடலாம். பத்துமலையையும் ஒரு காலத்தில் உடைத்துக்கொண்டிருந்தவர்கள்தான். பின்பு நிறுத்தினார்கள், அதனால்தான் அந்தப் பனை அங்கே நிற்கிறது. கோயில் இருப்பது மலையைக் காப்பாற்றியதில் ஒரு பங்கு என்று நான் நம்புகிறேன். அந்தப் பங்கை நாம் தெரிந்துகொண்டு செய்யத் தொடங்கினால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

12 பிப்ரவரி 2025, இரவு

கிள்ளான் அக்கா கேட்டதற்கு: இல்லை அக்கா, அந்தப் பனை என்னிடம் விற்பனைக்கு இல்லை. யாரிடமும் வாங்காதீர்கள். பாறையிலிருந்து பிடுங்கியதாகத்தான் இருக்கும், தொட்டியில் பிழைக்காது.

15 பிப்ரவரி 2025

இப்போது என் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காட்டுக்கு வருகிறேன். இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வட சிலாங்கூர்ச் சதுப்புக் காடு ராஜா மூசா, சுங்கை காராங் என்ற இரண்டு வனக் காப்பகங்களில் பரவியிருக்கிறது. எழுபதாயிரம் ஹெக்டருக்கு மேல். அங்கே காலை வைத்தால் மண்ணில் படாது, மட்காத மரத்தில்தான் படும். தண்ணீரில் மூழ்கிக் கிடப்பதால் விழுந்த இலையும் கிளையும் வேரும் முழுசாக அழுகாமல் ஆயிரக்கணக்கான வருடமாக ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, பல மீட்டர் ஆழத்துக்குத் தங்கிவிட்டன. தண்ணீர் பாலில்லாத தே ஓ நிறத்தில் இருக்கும், நல்ல புளிப்பு. அந்தப் புளிப்பும், சத்தில்லாத அந்த ஈரமும் நம் சாதாரணச் செடிகளுக்கு ஆகாது. ஆகும் செடிகள் தனி இனம். அவை தாமாக வேறு இடத்துக்குக் குடிபெயரத் தெரியாதவை.

அவற்றில் ஒன்றை உங்கள் எல்லோருக்கும் தெரியும். சிவப்புத் தண்டுப் பனை, மலாயில் பினாங் ராஜா. ஆபீஸ் வாசல், ஓட்டல் வாசல், பழைய துரை பங்களா எல்லா இடத்திலும் நிற்கும். மட்டையின் அடிப்பாகம் குங்குமச் சிவப்பு. அது கடையில் பிறந்த செடி இல்லை, இந்தச் சதுப்புக் காட்டின் சொந்தப் பிள்ளை.

காட்டில் இது எப்படி நிற்கும் என்றால், வேர் முழுக்கத் தண்ணீரில். மேலே பெரிய மரங்களின் நிழல், அந்தக் கறுப்புத் தண்ணீரில் சிவப்புத் தண்டு நாலைந்து சேர்ந்து எழும்பி நிற்கும். சின்ன வயதில் அப்பாவோடு மீன் பிடிக்கப் போய் முதன்முதலாகப் பார்த்தபோது யாரோ சாயம் பூசியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். பழம் கறுப்பு, அடியில் ஒரு சிவப்பு வளையம். ஒன்றைப் பொறுக்கி வந்து வாளியில் போட்டு வைத்தேன். மாதக் கணக்கில் ஒன்றுமே நடக்கவில்லை. அம்மா வாளியைக் கவிழ்க்கப் போன நேரத்தில் ஊசி முனை மாதிரி வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்த்தது.

16 பிப்ரவரி 2025

"அதுதான் நர்சரிக்கு நர்சரி கிடைக்கிறதே, அது எப்படி அரிது?" என்று கேட்டிருக்கிறார் பினாங்கு அண்ணன். நியாயமான கேள்வி.

தொட்டியில் எத்தனை இருந்தாலும் அது காட்டின் கணக்கில் சேராது அண்ணே. என்னிடம் இருக்கும் நாற்று எல்லாம் ஒரே தாய்க்கொத்தின் விதை. ஒரு நோய் வந்தால் எல்லாம் சேர்ந்தே படுக்கும். காட்டில் இருப்பவை ஒவ்வொன்றும் வேறு வேறு. அங்கே காய்த்த பழத்தைப் பறவை தின்று எங்கேயோ போட, அது முளைத்து, அதில் நூறில் ஒன்று பிழைக்கும். அந்த நடப்பு நின்றுபோனால் தொட்டிச் செடி வெறும் சாமான்தான்.

16 பிப்ரவரி 2025

கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேனோ என்று தோன்றுகிறது. தொட்டியில் வளர்ப்பதால் ஒரு நன்மை உண்டு: நாற்றங்காலில் மலிவாகக் கிடைத்தால் காட்டில் போய்ப் பிடுங்க மாட்டார்கள். நான் விற்பதே அதற்காகத்தான். ஆனால் அதை வைத்துக் காட்டை விட்டுவிடலாம் என்று யாரும் சொல்லக்கூடாது.

23 பிப்ரவரி 2025

சதுப்புக் காட்டில் தீ எப்படிப் பிடிக்கிறது, தண்ணீரில்தானே நிற்கிறது என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள்.

முன்பு மரம் வெட்டியவர்கள் கட்டைகளை மிதக்கவிட்டு வெளியே கொண்டுவரக் கால்வாய் வெட்டினார்கள். மரம் போய்விட்டது, கால்வாய் அப்படியே கிடக்கிறது. பக்கத்தில் விவசாயத்துக்காக வெட்டிய வாய்க்கால்களும் சேர்ந்துகொண்டன. அவை இரவும் பகலும் தண்ணீரை வெளியே இழுத்துக்கொண்டே இருக்கின்றன. தண்ணீர் கீழே இறங்க இறங்க மேலே இருக்கும் மட்கு காய்ந்து, சுருங்கி, தரையே தாழ்கிறது. பிப்ரவரி, மார்ச் வெயிலில் யாராவது நிலம் திருத்தத் தீ வைத்தால் போதும், அது தரைக்குள்ளேயே புகைந்துகொண்டு போகும். மேலே தண்ணீர் அடித்தாலும் அடியில் கனல் இருக்கும். 2014 வறட்சியில் எங்கள் ஊரில் துணி காயப் போட முடியவில்லை, பிள்ளைகளுக்கு இருமல் நிற்கவில்லை.

2008-லிருந்து வன இலாகாவும் அரசு சாரா அமைப்பினரும் ராஜா மூசாவில் கால்வாய்களைக் குறுக்கே அடைத்துத் தண்ணீரை மறுபடி ஏற்றி, மஹாங் போன்ற வேகமாக வளரும் மரங்களை நட்டுவருகிறார்கள். என்னைக் கேட்டால் நடுவதைவிட அடைப்பதே பெரிய வேலை. தண்ணீர் ஏறினால் பாதிச் செடி தானாகவே வரும். தண்ணீர் ஏறாத இடத்தில் தலைவர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு நட்ட கன்று அடுத்த வெயிலில் விறகாகிவிடும்.

24 பிப்ரவரி 2025

அந்தக் கால்வாயில் மிதந்து போன மரங்களில் ஒன்று ராமின். வெளுப்பான, முடிச்சில்லாத, வழவழப்பான மரம். படச் சட்டம், ஜன்னல் திரைக் குச்சி, பில்லியட் கோல் எல்லாம் அதில்தான் செய்தார்கள். 2005-லிருந்து சைட்டிஸ் என்ற அனைத்துலக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, அனுமதிச் சீட்டில்லாமல் ஏற்றுமதி செய்ய முடியாது. அழிந்துவரும் உயிரினங்களைக் கணக்கெடுக்கும் ஐயூசிஎன் சிவப்புப் பட்டியலில் மிக ஆபத்தான நிலை. உங்கள் வீட்டுச் சுவரில் தாத்தா படம் மாட்டியிருக்கும் பழைய சட்டம் ராமினாக இருக்கலாம்.

2 மார்ச் 2025

தனிச்செய்தியில் மூன்று நான்கு பேர் ஒரே கேள்வி: பூச்சி பிடிக்கும் குடுவைச் செடி எந்த இடத்தில் இருக்கிறது, மேப்பில் புள்ளி போட்டு அனுப்ப முடியுமா.

முடியாது. கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களை நம்பாமல் இல்லை. இந்தப் பக்கத்தை யார் யார் படிக்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆர்க்கிட், குடுவைச் செடி இரண்டுக்கும் இணையத்தில் போட்ட புள்ளிதான் எமன். படத்தில் பின்னால் தெரியும் பாலத்தை வைத்தே இடத்தைக் கண்டுபிடித்து லோரியோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் செடியைப் பற்றிச் சொல்கிறேன். சதுப்பு ஓரத்தில் நெபெந்தஸ் ஆம்புல்லாரியா என்ற வகை, மலாயில் பெரியோக் கெரா. குரங்குப் பானை. தரையோடு தரையாகக் குண்டுக் குண்டுக் குடுவைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மற்றக் குடுவைச் செடிகளுக்கு மூடி வாய்க்கு மேலே குடை பிடிக்கும். இதற்கு மூடி சின்னது, பின்பக்கம் மடங்கிக் கிடக்கும், வாய் ஆகாசத்தைப் பார்த்துத் திறந்திருக்கும். ஏன் என்றால் இது பூச்சியை மட்டும் நம்பியில்லை. மேலேயிருந்து விழும் சருகைப் பிடித்து அழுக வைத்து அதிலிருந்தும் சத்து எடுத்துக்கொள்கிறது. மேலே மரம் இல்லையென்றால் சருகு இல்லை. நிழல் மரத்தை வெட்டிவிட்டுக் குடுவைச் செடியை மட்டும் காப்பாற்றிவிட்டோம் என்று சொல்ல முடியாது.

இந்த வகை இன்னும் ஓரளவு பரவலாகவே இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் எல்லா நெபெந்தஸ் வகைகளும் சைட்டிஸ் பட்டியலில் உண்டு. லெமாங் செய்ய அந்தக் குடுவையில் அரிசி போட்டு வேகவைப்பார்கள், நானும் சாப்பிட்டிருக்கிறேன், ருசியாக இருக்கும். நாலு குடுவை வேண்டுமென்றால் நாலைப் பறிக்கலாம். கொடியோடு அறுத்துச் சாக்கில் கட்டுவது வேறு வேலை.

3 மார்ச் 2025

மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. அம்மா முதுகில் டின் மாட்டிக்கொண்டு அடித்தது பாராக்குவாட் என்ற களைக்கொல்லி. நகம் உதிரும், மூக்கில் ரத்தம் வரும், முகமூடி என்ற பேச்சே கிடையாது. 2020-லிருந்து இந்த நாட்டில் அதற்குத் தடை. அப்பாடா என்று இருந்தது. அந்த மருந்து மரத்தடியோடு நிற்கவில்லை. காண் என்கிற வடிகால் வழியாகச் சதுப்பு ஓரத்துக்கும் போனது. காண் ஓரத்துப் பெரணி, பாசி, குடுவைச் செடி எல்லாம் கருகிப் பழுப்பாகக் கிடப்பதை நாங்கள் புல் செத்துவிட்டது என்று பார்த்துக்கொண்டே பெரட்டுக்கு, காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போனோம். தோட்டத்துப் பெண்களின் உடம்பும் அந்த ஓரத்துச் செடிகளும் ஒரே மருந்தைத்தான் குடித்தன. இரண்டையும் யாரும் கணக்கில் எழுதவில்லை.

29 மார்ச் 2025

ஷா ஆலம் தம்பி படம் போட்டிருக்கிறார்: "கஞ்சிங்கில் மட்டும் இருப்பதாகச் சொன்ன மரம் என் வீட்டு வாசல் சாலையில் வரிசையாக நிற்கிறது." இன்னும் அந்த மரத்தைப் பற்றி நான் எழுதவேயில்லை, அதற்குள் மறுப்பு வந்துவிட்டது! சரி, இப்போது எழுதுகிறேன்.

கியாம் கஞ்சிங், அறிவியல் பெயர் ஹோப்பியா சுபாலாட்டா. உலகத்தில் ரவாங் பக்கத்துக் கஞ்சிங் காட்டில் மட்டும்தான் இயற்கையாக வளர்கிறது. மிக ஆபத்தான நிலையில் இருக்கும் இனம். தம்பி படத்தில் இருப்பது அதன் உறவுக்காரன், மெராவான் சிப்புட் ஜந்தான், ஹோப்பியா ஓடோராட்டா. நகராட்சிகள் சாலையோரம் விரும்பி நடும் மரம் அது. இலையைத் திருப்பிப் பாருங்கள். நடு நரம்பிலிருந்து பக்க நரம்பு பிரியும் மூலைகளில் சின்னச் சின்னக் குழி தெரியும். காய்க்கு நீளமாக இரண்டு இறக்கை இருக்கும். அப்படி இருந்தால் ஓடோராட்டாதான்.

ரவாங் மாற்றுச் சாலையில் போனவர்களுக்குத் தெரியும், ஓர் இடத்தில் சாலை காட்டுக்கு மேலே தூண்களில் ஏறிப் போகும். உயர்ந்த இடத்தில் 58 மீட்டர். அப்படிக் கட்டியதற்குப் பெரிய காரணம் இந்த மரம். தரையோடு சாலை போட்டிருந்தால் காடு நடுவில் பிளந்திருக்கும். 2017-ல் திறந்தார்கள். பணம் அதிகம் செலவானது என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்தத் தூண்களைப் பார்க்கும்போதெல்லாம் நன்றியாக இருக்கிறது. ஒரு மரத்துக்காக ஒரு நெடுஞ்சாலை தலையைத் தூக்கிப் போயிருக்கிறது என்று என் பேரப்பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

30 மார்ச் 2025

தூணின் நிழலும் அதிர்வும் கீழே என்ன செய்யும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சரியான கேள்வி. சாலை வந்தால் ஓரத்தில் வீடு வரும், வீடு வந்தால் குப்பை வரும். தூணோடு வேலை முடிந்துவிடவில்லை. நேற்று எழுதியதில் நன்றி கொஞ்சம் கூடிவிட்டது, அதை இந்தக் கேள்வியோடு சேர்த்தே படியுங்கள்.

6 ஏப்ரல் 2025

பினாங்கு அண்ணன் மறுபடி: "இதெல்லாம் மலாய்க்காரர், ஓராங் அஸ்லி மக்களின் காடு. நாம் நேற்று வந்தவர்கள், நமக்கு என்ன பாத்தியதை?"

பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்களுக்கு முதல் பாத்தியதை என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் நேற்று வந்தவர்கள் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன் அண்ணே. கஞ்சிங் காட்டிலேயே கப்பூர் மரம் நிற்கிறது. டிரையோபாலானோப்ஸ் இனம். அதன் வயதான அடிமரத்து வெடிப்பில் உறைந்து கிடக்கும் வெள்ளைப் படிகம்தான் அந்தக் காலத்துப் பச்சைக் கற்பூரம். அதை வாங்கத் தமிழ் வணிகர்கள் சுமத்ராவின் பாருஸ் துறைக்குப் போயிருக்கிறார்கள். அங்கே லோபு துவாவில் ஐந்நூற்றுவர் வணிகக் கூட்டத்தாரின் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது, ஆண்டு 1088. ரப்பருக்கு முன்னால், ஆங்கிலேயருக்கு முன்னால்.

அகிலும் அப்படித்தான். இங்கே அதைத் தரும் மரம் கராஸ். மரத்தில் காயம் பட்டுப் பூஞ்சை ஏறினால் அதை எதிர்க்க மரம் பிசின் சுரக்கும். பிசின் ஊறிக் கறுத்த கட்டைதான் அகில். நல்ல மரத்தில் அகில் இருக்காது, வெளியே பார்த்தும் தெரியாது. அதனால் ஒன்றைக் கண்டுபிடிக்கப் பத்தை வெட்டினார்கள். கற்பூரத்துக்கும் அதே கதை. 1995-ல் சைட்டிஸ் பட்டியலில் ஏற்றினார்கள், ஆனாலும் இன்று கராஸ், அறிவியல் பெயர் அக்குவிலேரியா மலாக்கென்சிஸ், மிக ஆபத்தான நிலையில்.

இதைத்தான் சொல்ல வருகிறேன். நம் பூஜைக்கு மணக்க மணக்க இந்தக் காடு மரம் கொடுத்திருக்கிறது. இப்போது கோயிலில் கொளுத்தும் சூடம் பெரும்பாலும் டர்பன்டைனிலிருந்து வருவது, அதனால் மரத்துக்குத் தொல்லை இல்லை. ஆனால் பட்ட கடன் பட்டதுதான். நமக்கு என்ன பாத்தியதை என்று கேட்கிறவருக்கு, கடன்காரனின் பாத்தியதை என்று சொல்வேன்.

6 ஏப்ரல் 2025, பின்னேரம்

கப்பூர் மரம் பார்க்க வேண்டுமென்றால் கெப்போங் வன ஆய்வுக் கழகத்துக்குப் போங்கள். அண்ணாந்து பார்த்தால் ஒரு மரத்தின் தலை இன்னொன்றைத் தொடாமல், நடுவில் ஆகாசம் வாய்க்கால் வாய்க்காலாகத் தெரியும். பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள்.

18 மே 2025

இதை எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன்.

எங்கள் தோட்டத்து ஆபீஸ் முன்னால் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று இருந்தது. அந்த மரமும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான், ஆனால் அதன் கவட்டில் இருந்தது இந்த மண்ணின் புலி ஆர்க்கிட், கிரம்மட்டோஃபில்லம் ஸ்பெசியோசம். ஆர்க்கிட்களிலேயே மிகப் பெரியது. ஒரு கொத்து ஆள் பாரத்துக்கு மேலே போகும், தண்டு கரும்பு கணக்காக நீளும். மஞ்சள் இதழில் பழுப்புப் புள்ளி. வருடா வருடம் பூக்காது, பூத்தால் பெரட்டுக் களமே அண்ணாந்து நிற்கும். கிராணி முதல் தண்ணீர்க்காரர் வரை அதைத் தொடக்கூடாது என்று எழுதாத சட்டம். பக்கத்து நாடான சிங்கப்பூரில் காட்டில் இது அற்றுப்போய், 1999-லிருந்து மறுபடி மரங்களில் ஏற்றி வளர்க்கிறார்கள்.

தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றார்கள். வாங்கியவர்களின் ஆட்கள் வந்து ஆபீஸையும் லயத்தையும் இடித்தார்கள். மரத்தை மட்டும் ஒரு வாரம் விட்டுவையுங்கள், ஆர்க்கிட்டை இறக்கிக்கொள்கிறோம் என்று நாங்கள் கேட்டோம். சரி என்றார்கள். மறுநாள் காலையில் மரம் தரையில் கிடந்தது. கொத்து அடியில் நசுங்கிவிட்டது. மேல்பக்கம் இருந்த தண்டுகளை ஆளுக்கொன்றாக வெட்டி எடுத்தோம். ஒன்றை முனியாண்டி கோயில் மரத்தில் கட்டினோம், வேர் பிடித்துவிட்டது. என்னிடம் இருப்பது இன்னும் பூக்கவில்லை.

தோட்டம் என்பது வரிசையாக நட்ட மரம் மட்டும் இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதினேன். செங்குத்தான மேடு, நீர் வடியாத பள்ளம், ஆற்று ஓரம், கோயில் மூலை, நட லாயக்கில்லை என்று துரைமார் விட்டுவைத்த இடங்களில்தான் பழைய காடு ஒளிந்துகொண்டிருந்தது. அந்த மூலைகள் எந்த வரைபடத்திலும் இல்லை. பால் வெட்டியவருக்கும் புல் வெட்டியவருக்கும் விறகு பொறுக்கியவருக்கும்தான் தெரியும். தோட்டத்தை விற்கும்போது முதலில் சமப்படுத்துவது அந்த மூலைகளைத்தான்.

13 ஜூலை 2025

நல்ல செய்தி. கெப்போங் வன ஆய்வுக் கழகத்துக் காட்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நூறு வருடத்துக்கு முன்னால் அது ஈயச் சுரங்கம் தோண்டிப்போட்ட மொட்டை நிலம். 1920களில் தொடங்கி நட்டு நட்டு இப்படி ஆக்கியிருக்கிறார்கள். காட்டை மறுபடி உண்டாக்க முடியுமா என்று கேட்டவர்களுக்கு இதுவே பதில்: முடியும், நூறு வருடம் ஆகும், விதை கிடைக்கும் காடு எங்கேயாவது மிச்சம் இருக்க வேண்டும்.

14 ஜூலை 2025

மெராந்தி, கப்பூர் விதையை வாங்கி வைத்திருந்து மழைக்காலத்தில் போடலாமா என்று கேட்ட தங்கைக்கு: முடியாதும்மா. இந்தக் குடும்பத்து மரங்கள் வருடா வருடம் காய்ப்பதில்லை. சில வருடம் சும்மா இருந்து, திடீரென்று காடே ஒன்றாகப் பூக்கும். விதை காய்ந்தால் செத்துவிடும், ஃபிரிட்ஜில் வைத்தாலும் பிழைக்காது. விழுந்த சில நாளுக்குள் ஈர மண்ணில் இருக்க வேண்டும். வனக் காப்பகத்துக்குள் போய்ப் பொறுக்காதீர்கள், அதற்கு அனுமதி வேண்டும். சாலையோர மெராவான் காய்க்கும்போது பொறுக்கிப் பழகுங்கள். இறக்கையைக் கிள்ளிவிட்டு, பாதி புதையும்படி வைத்து, நிழலில் தண்ணீர் தெளித்தால் போதும்.

20 ஜூலை 2025

பூச்சோங் தம்பி எழுதியிருக்கிறார், அவருடைய பாட்டி உலு சிலாங்கூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தாராம், கல் மேட்டில் "ஒற்றைக் குடை இலைச் செடி" நிறைய இருந்ததாகச் சொல்கிறாராம். தம்பி, பாட்டியிடம் உட்கார்ந்து கேளுங்கள். இலை ஆள் உயரத்துக்கு முழுசாக, கிழியாமல், தரையிலிருந்தே எழும்பி இருந்ததா, அடிப்பக்கம் வெள்ளையா பச்சையா. வெள்ளை என்றால் ஜொஹன்னெஸ்டைஸ்மன்னியா மாக்னிஃபிகா என்ற பனையாக இருக்கலாம். சிலாங்கூர், நெகிரி செம்பிலான் காடுகளில் மட்டும் உள்ளது, மிகவும் அரிது. லயத்துக்கு அந்த இலையால் கூரை வேய்ந்தார்களா என்றும் கேளுங்கள்.

மற்றவர்களும் வீட்டில் இருக்கும் பெரியவர்களைக் கேட்டு எனக்குத் தனிச்செய்தியில் எழுதுங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், மேடா பள்ளமா, என்ன செடி, கடைசியாக எந்த வருடம் பார்த்தார்கள். செடி இன்னும் அங்கே இருந்தால் பிடுங்காமல் படம் எடுங்கள்: இலையின் மேல்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று, காம்பு சேரும் இடம் ஒன்று, பூவோ காயோ இருந்தால் பக்கத்தில் ஐம்பது காசு வைத்து ஒன்று. போனில் இடக்குறிப்பை அணைத்துவிட்டு எடுங்கள். சேர்ந்தவற்றை நான் கெப்போங் உலர்தாவரக் காப்பகத்துக்கு எடுத்துப்போகிறேன்.